யாமக் காவல்

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கணக்குச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேய், பூதம் முதலானவை அணங்கில் அடங்கும். இறை என்பது அரசனும் அவனைப்போல் தண்டிக்க வல்லவர்களும். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் சந்தவாசலில் நின்று பார்த்தால் இந்தப் பட்டியல் பழசாகத் தோன்றாது. மேற்கே மலை இருட்டிக் கிடக்கிறது. கொல்லைக்குக் காட்டுப்பன்றி வருகிறது, மேலே கரடி உண்டு, கீழே திருட்டு உண்டு, வனத்துறையும் காவல்துறையும் உண்டு, புளியமரத்துக் கதைகளுக்கும் குறைவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து உட்காரும் ஒருவரின் அறையில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடி இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, பக்கத்தில் பிள்ளை புரண்டு படுக்கிறது, தெருநாய்கூடக் குரைக்கவில்லை. அவருக்கோ நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு பாதியில் நிற்கிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, முதுகு வியர்த்துச் சட்டை ஒட்டுகிறது. இன்னும் சில நிமிடங்களில் செத்துவிடுவோம் என்பது சந்தேகமாகக்கூட வருவதில்லை, முடிந்துபோன செய்தியைப்போல வந்து சேர்கிறது. தொல்காப்பியர் எண்ணாமல் விட்ட ஐந்தாவது இடம் இது: அஞ்சுபவரின் சொந்த உடம்பு. மற்ற நான்கையும் விட்டு ஓடலாம், கதவைச் சாத்தலாம், ஊரைக் கூட்டலாம். உடம்பை விட்டு எங்கே ஓடுவது? அப்படி ஓட முயல்வதும், ஓடுவதற்குத் தயாராக இரவெல்லாம் காத்திருப்பதும்தான் இந்த நோயின் பெரும்பங்கு என்பது என் எண்ணம். அதற்குச் சான்று உண்டு, மறுப்புகளும் உண்டு.

முதலில் பெயர். மருத்துவர்கள் இதைப் பேனிக் அட்டாக் என்கிறார்கள், தமிழில் பீதித் தாக்கு என்று எழுதுகிறோம். ஊரில் இதற்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன: காத்து கருப்பு, கேஸ், ஹார்ட். பெயருக்கு ஒரு வழி என்று மூன்று வழிகளும் பிரிகின்றன. காத்து கருப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் மந்திரித்த கயிறும் படவேட்டு ரேணுகாம்பாள் கோவில் திருநீறும். கேஸ் என்றால் மெடிக்கலில் ஒரு மாத்திரை, ஒரு சோடா. ஹார்ட் என்றால் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு விடியற்காலை வண்டி. உடம்பின் ஓர் உணர்வுக்குத் தவறான பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு வைத்தியம் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிந்துபோவதைக் கண்டு தாய் முருகனின் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பாள். நோய் காதல் என்பது தோழிக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியும், தாய்க்கும் வேலனுக்கும் மட்டும் தெரியாது. அந்தப் பாடல்கள் பெரும்பாலும் குறிஞ்சித் திணைக்கு உரியவை. குறிஞ்சிக்கு இலக்கணம் வகுத்த சிறுபொழுது யாமம், அதாவது நள்ளிரவு. மலையையும் நடுஇரவையும் ஒன்றாக முடிந்து வைத்தவர்கள் காதலை மட்டும் மனத்தில் வைத்து அப்படிச் செய்திருக்கலாம். ஆனாலும் அந்த நேரத்தில் உடம்பு சொல்வதைத் தவறாகப் படிப்பது எவ்வளவு எளிது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

பெயர்க் குழப்பத்தில் இன்னொன்றையும் பிரித்துவிட வேண்டும். விழித்த பிறகும் கைகால் அசையாமல், நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இருப்பதை அமுக்குவான் என்பார்கள். அது கனவு காணும் உறக்கத்தின் தசைத் தளர்ச்சி, விழிப்பு வந்த பின்னும் சில நொடிகள் நீடிப்பது. கெட்ட கனவும் வேறு. அது பெரும்பாலும் இரவின் பின்பாதியில் வரும், எழுந்ததும் கதை நினைவிருக்கும். இரவுப் பீதிக்குக் கதையே கிடையாது. 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் தாமஸ் மெல்மன், தாமஸ் யூடி ஆகிய மருத்துவர்கள் இத்தகையவர்களை உறக்க ஆய்வகத்தில் படுக்கவைத்து மூளையலைகளைப் பதிவு செய்தபோது, கனவில்லாத உறக்கத்தில், லேசான தூக்கம் ஆழ்ந்த தூக்கமாக மாறும் அந்த வாசற்படியில்தான் பீதி கிளம்புவதைக் கண்டார்கள். நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் நம்புவதற்கு இது நேர்மாறானது. ஏதோ பயங்கரத்தைக் கண்டு பயந்துவிட்டான் என்று வீட்டார் நினைக்கிறார்கள். நடப்பதோ, பயப்பட எதுவுமே இல்லாத, உடம்பு முழுதாகத் தன்னை விட்டுக்கொடுக்கத் தொடங்கும் நேரத்தில்.

இதைப் புரிந்துகொள்ள மலைக்காடுகளின் பரண் எனக்கு உதவுகிறது. கதிர் முற்றும் காலத்தில் கொல்லையில் பரண் கட்டி ஒருவர் இரவு முழுக்கக் காவல் இருப்பார். பன்றி வந்தால் தகரத்தைத் தட்டி ஓசை எழுப்புவார். நல்ல காவல்காரர் காற்றில் அசையும் தாளுக்கும் பன்றி நுழைந்து அசையும் தாளுக்கும் வேறுபாடு அறிந்தவர். ஒருமுறை பெரும் சேதம் கண்டு பயந்துபோன காவல்காரரோ ஒவ்வோர் இலைக்கும் தகரம் தட்டுவார். தன் தகரத்தின் ஓசையே அவரைத் திடுக்கிட வைக்கும், அதற்காக மறுபடி தட்டுவார். பீதி நோயைப் பற்றி 1986-இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேய உளவியலாளர் முன்வைத்த கருத்து ஏறக்குறைய இதுதான். உடம்பில் தோன்றும் சாதாரண மாற்றம் ஒன்றை, ஒரு துடிப்பு தவறுவதையோ மூச்சு சற்று மேலோடுவதையோ, மரணத்தின் அறிகுறியாகப் படிக்கிறோம். அந்த வாசிப்பு பயத்தை ஊட்டுகிறது. பயம் துடிப்பை இன்னும் கூட்டுகிறது. கூடிய துடிப்பு முதல் வாசிப்பு சரி என்று மெய்ப்பிக்கிறது. 1988-இல் ஆங்கே ஏலர்ஸ் என்ற ஜெர்மானியரும் அவர் குழுவினரும் பீதி நோயாளிகளின் காதில் அவர்களுடைய இதயத் துடிப்பு என்று சொல்லிப் பொய்யான ஒலியை ஓடவிட்டு, திடீரென அதை வேகப்படுத்தினார்கள். பொய் ஒலியைக் கேட்டு உண்மையான இதயம் வேகம் கூட்டியது. இந்த நோய் இல்லாதவர்களிடம் அப்படி நடக்கவில்லை.

இங்கே எழும் மறுப்பு கூர்மையானது. விழித்திருப்பவர் தவறாகப் படிக்கலாம்; தூங்குகிறவர் எதைப் படிப்பார்? சிந்தனையே இல்லாத நேரத்தில் வருவதால் இது மூளையின் வேதியியல்தான், மனத்துக்கு இதில் வேலை இல்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. டொனால்ட் கிளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1993-இல் அப்படியொரு வலுவான கருத்தைச் சொன்னார்: இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சற்றுக் கூடினாலும் மூச்சுத் திணறல் என்று பொய் எச்சரிக்கை கொடுக்கும் கருவி ஒன்று மூளையில் இருக்கிறது, பீதி நோயாளிகளிடம் அது அளவுக்கு மீறிக் கூர்மையாக இருக்கிறது என்றார். இதை நான் முழுதாகத் தள்ளவில்லை. ஆனால் தூங்கும் மூளை எதையும் படிப்பதில்லை என்பது உண்மையில்லை. லாரி ஓசைக்கு அசையாத தாய், குழந்தை முனகினால் எழுந்துவிடுகிறாள். தூங்குகிறவரின் மூளை பிற பெயர்களைவிடத் தன் பெயருக்கே கூடுதலாக அசைகிறது என்று 1960-லேயே இயன் ஆஸ்வால்டும் உடன் உழைத்தவர்களும் அளந்து காட்டினார்கள். உளவியலாளர் மிஷெல் கிராஸ்க் 1995-இல் செய்த சோதனை நம் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. தூக்கத்தில் ஓர் ஒலிக்குறி கேட்கும், அது உடம்பில் ஏற்படும் மாற்றத்தைக் குறிக்கும் என்று இரவுப் பீதி உள்ளவர்களிடம் சொல்லிப் படுக்கவைத்தார்கள். மாற்றம் இயல்பானது, வரக்கூடியது என்று எதிர்பார்த்துப் படுத்தவர்களைவிட, எதிர்பாராமல் படுத்தவர்களே அந்த ஒலிக்கு எழுந்தபோது அதிகம் பதறினார்கள். படுக்கப்போகும்போது கொண்டுபோன அர்த்தம் தூக்கத்துக்குள்ளும் வேலை செய்திருக்கிறது. ஆக, முதல் தட்டு கிளைன் சொன்ன கருவியுடையதாகவே இருக்கட்டும். அடுத்தடுத்த தட்டுகள் காவல்காரருடையவை. கற்றுத் திருத்தக்கூடியவையும் அவைதான்.

"சரி, உண்மையிலேயே மாரடைப்பாக இருந்தால்?" இதற்கு ஒரே பதில், ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுவது. தைராய்டு மிகை, ஆஸ்துமா, இரத்தசோகை, இரைப்பை அமிலம் மேலேறுவது, சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்களுக்கு இரவில் சர்க்கரை இறங்கிப்போவது, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்க மூச்சுத்தடை, இவை எல்லாம் நள்ளிரவில் நெஞ்சு படபடக்க எழுப்பக்கூடியவை. போளூரிலோ ஆரணியிலோ உள்ள அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். வயது கூடியவர்களுக்கும், வலி கையிலும் தாடையிலும் பரவுகிறவர்களுக்கும், இதய நோய் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை பதில் ஆகாது. அவர்கள் 108-ஐத்தான் கூப்பிட வேண்டும். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கட்டம். இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் மாதம் ஒரு ஈசிஜி எடுப்பவர் சோதனை செய்வதாக நினைக்கிறார். அவர் கட்டிக்கொள்வது தாயத்து. கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைத் தலையணை அடியில் வைத்துக்கொண்டு இரவில் நாலு முறை விரலில் மாட்டுகிறவரும் அப்படித்தான். அதில் 98 என்று தெரிந்தவுடன் நிம்மதி வருகிறது, அந்த நிம்மதியின் ஆயுள் அடுத்த துடிப்பு வரைக்கும். தாயத்து பலிக்காமல் போவது பெரிய கெடுதல் இல்லை, பலிப்பதுதான் கெடுதல்: நான் பிழைத்தது இதனால்தான் என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறது. எதுவும் செய்யாமல் இருந்தாலும் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும் என்ற எளிய உண்மையை அவர் கண்ணால் காணவே முடியாமல் போகிறது. மூச்சுப் பயிற்சியையும் இந்தக் கணக்கில் சேர்க்கத் துணிகிறேன், கோபப்படுவார்கள் என்று தெரிந்தும். பகலில் நிதானமாகச் செய்யும் பிராணாயாமம் நல்லது. நள்ளிரவில் செத்துவிடாமல் இருப்பதற்காக எண்ணி எண்ணி விடும் மூச்சு இன்னொரு கயிறு.

இனி, தூக்கமின்மை. இரண்டு மூன்று முறை இப்படி நடந்துவிட்டால் படுக்கையே பகையாகிவிடுகிறது. ஒன்பது மணிக்கே மனம் மணியைப் பார்க்கிறது. இன்றைக்காவது தூங்கியாக வேண்டும் என்று படுத்தால், அந்த 'ஆக வேண்டும்' என்பதே காவலாக நின்றுகொள்கிறது. விழித்திருப்பது அவ்வளவு ஆபத்தா? இந்த வட்டாரம் தெருக்கூத்தின் தாய்நிலம். பாரத விழா நடக்கும் ஊரில் இரவு பத்து மணிக்குப் பாயை விரித்து உட்காரும் கிழவி திரௌபதி துகிலுரிதல் கூத்து முடிந்து பொழுது விடியும்வரை இமைக்காமல் பார்க்கிறாள், மறுநாள் களையெடுக்கவும் போகிறாள். இதே மலைத்தொடரின் காவலூரில் 1968 முதல் வானியலாளர்கள் இரவிரவாக விழித்து நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். 1977-இல் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்ட இரவில் அங்கிருந்தும் பார்த்தார்கள். அந்த விழிப்பு யாரையும் கொல்வதில்லை. விழிப்பு ஒன்றுதான், அதற்கு வைத்த விலைதான் வேறு. தூக்கம் கெடுவதால் உடல்நலம் கெடுவது பொய்யில்லை, ஆண்டுக்கணக்கில் குறைந்த தூக்கம் தீங்குதான். ஆனால் ஒரு இரவின் நான்கு மணி நேரக் குறைவைப் பேராபத்தாக எண்ணுவது அந்த ஆண்டுக்கணக்கை உண்டாக்கும் வழி.

இதற்கு மேலை நாட்டில் தேறிய, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் முறை ஒன்று உண்டு. 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் அதையே பரிந்துரைத்தது. அதன் ஒரு பகுதியை 1972-இல் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் வகுத்தார்: தூக்கம் வந்தால் மட்டும் படு, வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போ, எப்படித் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழு. ஐந்து பேர் ஒரே கூடத்தில் படுக்கும் வீட்டில் வேறு அறைக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம். கட்டிலுக்கும் படுக்கையறைக்கும் எழுதிய விதி அது. ஆனால் பாயில் படுப்பவருக்கு ஒரு வசதி இருக்கிறது, கட்டில்காரருக்கு அது கிடையாது: பாயைச் சுருட்டலாம். சுருட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் திண்ணையிலோ வாசற்படியிலோ உட்கார்ந்தால் படுக்கை என்ற இடமே இல்லாமல் போகிறது; கண் சொருகினால் மறுபடி விரிக்கலாம். மூன்றாவது விதிதான் எல்லாரையும் தோற்கடிப்பது. இரவு கெட்டவர் விடிந்த பின் ஈடுகட்டத் தூங்குகிறார், அடுத்த இரவையும் கெடுத்துக்கொள்கிறார். இந்த விதியைப் பால் மாடு வைத்திருப்பவர்கள் பூட்சினைக் கேட்காமலே கடைப்பிடிக்கிறார்கள். சொசைட்டியில் பால் ஊற்றும் நேரம் யாருடைய இரவுக்காகவும் தள்ளிப்போவதில்லை.

எனக்கு மிகவும் சங்கடமான மறுப்பு வேறொன்று. சிலருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் இந்த ஜவ்வாது மலையையும் மலையடியையும் சேர்ந்தவர்கள். தொல்காப்பியர் சொன்ன நான்காவது அச்சம், இறை, இங்கே இலக்கணச் சொல்லாக இருக்கவில்லை. அப்படி ஒருவரை இழந்த வீட்டில், குடித்துவிட்டு வரும் கணவனின் காலடிக்குக் காத்திருக்கும் வீட்டில், குழுக் கடன் தவணைக்கு முந்தின இரவில், உங்கள் பயம் பொய் எச்சரிக்கை என்று சொல்வது அறிவீனம், கொடுமையும்கூட. அங்கே காவல்காரர் பைத்தியம் இல்லை, பன்றி இருக்கிறது. அதற்கு நீதியும் பணமும் பாதுகாப்பும் வேண்டும், உளவியல் அதற்கு மாற்று ஆகாது. ஆயினும் இரண்டையும் கலக்கக் கூடாது. கடனைப் பற்றிய கவலை கடன் அடைபட்டால் தீரும். கவலையால் கூர்மையான காவல், கடன் அடைந்த பிறகும் தகரம் தட்டிக்கொண்டிருக்கும். மேலும், நள்ளிரவு இரண்டு மணிக்குக் கடனைப் பற்றி எடுக்கக்கூடிய முடிவு ஒன்றும் இல்லை. வங்கி திறந்திருக்காது.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. தினமும் சாப்பிட்டுச் சில வாரங்களில் வேலை செய்யத் தொடங்கும் பீதி மருந்துகள் இருக்கின்றன, பலருக்கு நன்றாகவே பயன்படுகின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அல்ப்ரசோலம் வேறு வகை. விரைவாக அடக்கும், வாரங்களில் பழகிப்போகும், திடீரென நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாகத் திருப்பித் தாக்கும். 2014 முதல் அது எச்1 பட்டியலில் இருக்கிறது, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. பழகிவிட்டவர் தானாக நிறுத்தாமல் மருத்துவரோடு சேர்ந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும். டாஸ்மாக்கில் வாங்கும் தூக்கமும் இதே சாதிதான்: முன்னிரவில் அமுக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறார்கள்; 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், இரவிலும்.

மிச்சம் இருப்பது வீட்டார். தமிழ் வீட்டில் ஒருவர் இரவில் மூச்சு முட்டுகிறது என்றால் எல்லா விளக்கும் எரியும். ஒருவர் விசிறுவார், ஒருவர் நெஞ்சைத் தடவுவார், ஒருவர் பைக்கை எடுப்பார், பக்கத்து வீட்டிலிருந்தும் இரண்டு பேர் வருவார்கள். அத்தனையும் அன்பு, அத்தனையும் தகரம். இவ்வளவு பேர் பதறுகிறார்கள் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த உடம்பு முடிவு கட்டுகிறது. தனியாக விட்டுவிடுங்கள் என்று மேலைநாட்டுக் கையேடுகளைப்போல் நான் சொல்ல மாட்டேன். இந்த வீடுகளில் தனிமை இன்னொரு பயம். வேலூர் பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையம் 1950-களிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்து, கவனிப்பது எப்படி என்று அவர்களுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்து வருகிறது. அந்தப் பாடம் மலையடிவாரம் வரை வர வேண்டியது. பீதி வந்தவருக்குச் சொல்லித் தருவதைவிடப் பக்கத்தில் படுப்பவருக்குச் சொல்லித் தருவது எளிது, அந்த நேரத்தில் அவருடைய தலை தெளிவாக இருப்பதால். விளக்கைப் போடாமல், நாடியைத் தொடாமல், என்ன செய்கிறது என்று ஏழு முறை கேட்காமல் இருப்பதற்கு அவர் பழக வேண்டும். மாதக்கணக்கில் வராமல் இருந்துவிட்டு ஓர் இரவு அது திரும்பி வரும். எல்லாம் வீணாகிவிட்டது என்று அன்றைக்குத் தோன்றும். அந்த இரவில் மாமியார் இருட்டிலேயே, "என்னம்மா, வந்துடுச்சா?" என்று கேட்க, "ஆமாங்க அத்தை" என்று மருமகள் சொல்ல, "தண்ணி வேணுமா?" "வேணாம், நீங்க படுங்க" என்று அந்தப் பேச்சு முடிந்து, கிழவி மறுபக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விடத் தொடங்கினால், அந்தக் குறட்டையைக் கேட்டபடி மருமகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம், கொஞ்ச நேரம்.